பிரேக் லைட்டுக்கு ஒரே பேச்சுதான்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தீர்மானம் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

2018-ல் தொடங்கிய அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, 25,000 ரூபாய் வரை, மானியம் கிடைத்தது. அதில் வண்டி வாங்கியவர்கள் நம்மில் உண்டு. கடன் போட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆர்.சி. புத்தகம் நம் பேரில் இருக்கும். ஓட்டுவது பல வீடுகளில் மகனோ, தம்பியோ, வீட்டுக்காரரோதான்.

இந்தப் பையன்கள் இப்போது ஒரு புது விளக்கு வாங்கி மாட்டுகிறார்கள். பிரேக் பிடித்தால் போதும், பட் பட்டென்று விட்டு விட்டு மின்னும். சிவப்பு, நீலம், வெள்ளை என்று பல நிறத்தில் கடையில் தொங்குகிறது. "பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு நல்லாத் தெரியும்மா, பாதுகாப்புதானே?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அதற்கு இந்த விளக்கு மருந்தா, சட்டம் இதை ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 102-வது விதி இதைச் சொல்கிறது. பிரேக் விளக்கு வண்டியின் பின்புறம் இருக்க வேண்டும். சிவப்பு நிறமாக இருக்க வேண்டும். பிரேக் பிடித்தவுடன் எரிய வேண்டும். மின்னுவதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? வலது, இடது திரும்பக் காட்டும் இண்டிகேட்டருக்கு. அது ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமல், 120 முறைக்கு மேல் போகாமல் மின்ன வேண்டும் என்று கணக்கே இருக்கிறது.

108-வது விதி நிறத்தைப் பற்றியது. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிற வெளிச்சம் காட்டக் கூடாது. இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கான வெள்ளை வெளிச்சம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீலமும் சிவப்புமாக மின்னுவது போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வேலைகளுக்கு. 2017 மே 1 முதல் அமைச்சர்களின் காரிலிருந்தே சுழல் விளக்கை எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க நம் மொபெட்டுக்கு எதற்கு?

இனிமேல் சொல்வதுதான் நமக்கு முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது 182-ஏ என்ற பிரிவை மாற்றி எழுதினார்கள். சட்டம் அனுமதிக்காத மாற்றத்தை வண்டியில் செய்தால், வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்தியது உட்பட, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது அது. யாருக்கு? வண்டியின் உரிமையாளருக்கு. கவனியுங்கள் சகோதரிகளே, உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர். மாட்டினது பையன், கேள்வி வருவது அம்மாவுக்கு. 5,000 ரூபாய் என்றால் எத்தனை மாதச் சேமிப்பு, எத்தனை தவணை என்று நமக்குக் கணக்குத் தெரியும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் கண்ட கண்ட கலரில் மின்னும் விளக்குகளைப் பொருத்திய வண்டிகள் மீது கண்டிப்பாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே 2024-ல் சொன்னது.

"சில விலை கூடின பைக்கில் கம்பெனியே மின்னுகிற பிரேக் லைட் வைக்கிறதே?" என்று பையன் கேட்பான். வைக்கிறதுதான். அது சும்மா பிரேக் தொட்டால் மின்னாது, வேகத்தில் திடீரென்று அழுத்திப் பிடித்தால்தான் மின்னும். அந்த வண்டியின் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் சோதித்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் விற்கிறார்கள். புனேயில் அப்படி நிலையம் இருக்கிறது, நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் இருக்கிறது. கடையில் தொங்குகிற விளக்கை நம் வண்டியோடு சேர்த்து யாரும் சோதித்ததில்லை.

சட்டம் இருக்கட்டும், காரணத்தைப் பாருங்கள். சாலையில் விளக்குதான் பேச்சு. பிரேக் லைட் பேச வேண்டியது ஒன்றே ஒன்று: "நிற்கப் போறேன்." இண்டிகேட்டர் பேசுவது "திரும்பப் போறேன்." இரண்டும் மின்னினால் பின்னால் வருகிறவருக்கு எது எது என்று குழப்பம். பெரிய வெளிச்சம் மின்னும்போது பக்கத்தில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் கண்ணுக்கே படாது. இருட்டில் அது கண்ணைக் கூசச் செய்யும். போதாக்குறைக்கு, ஒயரை நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றி வைத்தால், மழைக்காலத்தில் ஷார்ட் ஆகி, இருக்கிற பிரேக் லைட்டும் போகும்.

அப்படியானால் லாரிக்காரனுக்குத் தெரிய என்ன செய்வது? செலவில்லாத வழி இருக்கிறது.

ஒன்று, பொழுது சாய்ந்ததும் வண்டியைச் சுவர் ஓரமாக, பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்துங்கள். சாவி போட்டுக் கை பிரேக்கைப் பிடியுங்கள். பிறகு அடுத்த பிரேக்கையும் தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் சுவரில் சிவப்பு கூட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எரிந்தால் சுவிட்ச் பழுது.

இரண்டு, பழைய வண்டிகளில் பின்னால் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும். ஒன்று இரவில் எப்போதும் எரிய 5 வாட். மற்றது பிரேக்குக்கு 21 வாட். பிரேக் இழை மட்டும் போயிருந்தால் விளக்கு எரிகிற மாதிரியே இருக்கும், நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. நாமும் கவனிக்க மாட்டோம். பல்பை மாற்றினால் போதும்.

மூன்று, பின் விளக்கின் சிவப்பு இரவில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பது விதி. நாம் என்ன செய்கிறோம்? பால் கேன், புல்லுக்கட்டு, தீவன மூட்டை வைத்து அதை மறைத்துவிடுகிறோம். விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் தெரிகிற மாதிரி கட்டுங்கள். வாரம் ஒரு முறை சேற்றைத் துடையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பையனைத் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "தம்பி, வண்டி என் பேர்ல இருக்கு. அந்த மினுக்கு லைட்டைக் கழட்டிடுப்பா. கம்பெனி கொடுத்த லைட்டை ஒழுங்காப் பார்த்து வை." விளக்கைக் கழற்றும்போது வெட்டிய ஒயரை மெக்கானிக்கிடம் காட்டிச் சரி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் வீட்டு வண்டிகளின் பிரேக் லைட்டைப் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதி வருவோம். எத்தனை வண்டி, எத்தனை லைட் எரிந்தது, எத்தனை சரி செய்தோம் என்று மூன்று வரி போதும். நம் வீட்டு ஆட்கள் பத்திரமாகத் திரும்பி வருவதற்கான வேலை இது.