மாரடைப்புக்குப் பின் மனத்தின் அச்சம்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பியோர் பலரை அச்சம் விடுவதில்லை. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினாலே நெஞ்சில் கை வைக்கின்றனர். அச்சத்தால் நாடி விரைகிறது. விரைந்த நாடியையே நோயின் அறிகுறியாகக் கொள்கின்றனர். இச்சுழலை அறுப்பதே அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் பணி.

இதனை இணையவழி வழங்க இயலுமா? சுவீடனில் 25 மருத்துவமனைகளைச் சார்ந்த 239 நோயாளிகளிடம் 14 வாரச் சிகிச்சையாக இது சோதிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவு ஏமாற்றமே. வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பயன் புலப்படவில்லை. பாடங்களைத் தொடர்ந்து பயின்றோரும் குறைவு.

பெங்களூருவில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையும், நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமும் உள்ளன. நோயாளியோ பெரும்பாலும் தொலைவிலுள்ள சிற்றூரில் வாழ்பவர். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி-மனஸ் திட்டத்திற்கு நிம்ஹான்ஸே தலைமை மையம். 14416 என்ற எண்ணில் கன்னடம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. இது இதயநோயாளருக்கென அமைந்ததன்று; நெஞ்சுவலி வந்தால் நாட வேண்டியது மருத்துவமனையையே. ஆயினும் சுவீடனில் பயிலப்படாது நின்ற பாடங்களை எண்ணுங்கால், எழுத்தைவிடத் தாய்மொழிக் குரல் நம் மக்களை எளிதில் எட்டக்கூடும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மாத்திரைகளின் பெயர்களோடு இவ்வெண்ணையும் குறித்தனுப்பத் தனிச் செலவு ஏதுமில்லை.