பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள்

பட்டப்படிப்பை முடிக்கப் போகிற மாணவர்களுக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிற ஆலோசகர் என்ற பணியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1892-லேயே பட்டதாரிகளின் வேலைக்காக ஒரு குழுவை அமைத்தது. பாஸ்டன் நகரத்தில் 1908-ல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டலுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். தன்னை அறிவது, தொழிலை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று அவர் வகுத்த முறையைத்தான் இன்றைக்கும் வழிகாட்டல் பாடப் புத்தகங்கள் எடுத்து வைக்கின்றன. ஆனால் நம்முடைய கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இந்தப் பணிக்கென்று தனி நாற்காலி கிடையாது. அந்த நாற்காலி வேண்டும், அதில் முழுநேரமாக ஒருவர் உட்கார வேண்டும், அவருக்குக் கல்லூரியே சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். கல்லூரிக்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் தமிழ்நாடு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 28.4தான். பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உள்ளே வருவதற்கு இத்தனை கைகள் உதவுகின்றன. மூன்று வருடம் கழித்து வெளியே போகும்போது அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது. பெற்றோர் படித்தவர்களாக இருக்கும் வீட்டில் அடுத்து என்ன என்பது சாப்பாட்டு வேளைப் பேச்சிலேயே முடிவாகிவிடும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவருக்கு அந்தப் பேச்சைப் பேச வீட்டில் ஆள் இல்லை.

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிறாள். ஏப்ரலில் பரீட்சை, பிறகு ரிசல்ட், அதற்கப்புறம் மேற்படிப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று வீட்டில் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க எழுத வேண்டிய ஜாம் தேர்வுக்கு வழக்கமாக செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் வாங்கி, பிப்ரவரியில் தேர்வை நடத்தி முடித்துவிடுகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்புக்கும், என்.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களுக்கும் அதே ஜாம் மதிப்பெண் பயன்படுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு டிசம்பரில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு மார்ச்சில். ஆக, அவள் கையில் ரிசல்ட் வரும் நாளில் இந்தக் கதவுகள் அத்தனையும் சாத்தப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது, படித்த கல்லூரியிலேயே கொடுக்கிற எம்.எஸ்சி. விண்ணப்பம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று நாம் சொல்ல முடியாது. அவளுடைய மதிப்பெண் எங்கேயும் தோற்கவில்லை. விண்ணப்பிக்க வேண்டிய மாதத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: இதெல்லாம் கைபேசியிலேயே கிடக்கிறதே, தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் 2008-ல் நடந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்கிறேன். எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெர்ரி லாங் முதலான நான்கு பொருளியல் அறிஞர்கள் நடத்தியது. கல்லூரிக்கு அரசு உதவித்தொகை கேட்க அங்கே நீளமான ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வருமான வரிக் கணக்கு எழுத வந்த ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, கணக்கு எழுதித் தரும் தனியார் நிறுவனத்து ஊழியரே பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேர வேலைதான். இன்னொரு பகுதியினருக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும், இந்தந்தக் கல்லூரிக்கு இவ்வளவு செலவாகும் என்ற தகவலை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளில், அடுத்த மூன்று வருடங்களுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் வாங்கிப் போனவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நேயர்களே, இதை ஒரு நிமிடம் மனதில் நிறுத்துங்கள். இரண்டு பேருக்கும் ஒரே செய்திதான் போனது. ஒருவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார்.

பக்கத்தில் உட்காருகிற ஆலோசகர் என்னதான் செய்வார்? இந்தப் பணியில் நான் மிகவும் மதிக்கிற பகுதி இதுதான், இங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். நம் நாட்டிலும் சில நிறுவனங்கள் கேட்கின்றன. எதைப் படிக்க விரும்புகிறாய், ஏன், இதுவரை என்ன செய்திருக்கிறாய் என்பதை ஒன்றிரண்டு பக்கங்களில் சொல்ல வேண்டும். 'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம்' என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். 'நான் கடின உழைப்பாளி, உங்கள் பல்கலைக்கழகம் உலகப் புகழ் பெற்றது' என்று அது தொடரும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்து எழுதுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பள்ளிக்கூடம் தொடங்கி இதுவரை அவர்களை யாரும், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னதே இல்லை.

தருமபுரி மாவட்டத்து வேதியியல் மாணவி ஒருத்தியின் கட்டுரை ஆலோசகர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறை படிவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். அவள் கல்லூரி புராஜெக்டுக்குத் தன் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்திருக்கிறாள். அதைப் பற்றி கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள், மீதி முழுவதும் உழைப்பும் ஆர்வமும்தான். நல்ல ஆலோசகர் அந்த ஒரு வரியில் விரலை வைப்பார். எத்தனை கிணறு பார்த்தாய்? எல்லாவற்றிலும் ஒரே அளவா இருந்தது? மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தாயா? அவள் யோசித்துவிட்டு, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு வேறு வேறாக இருந்தது, ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை என்று சொல்வாள். அந்தப் புரியாத இடம்தான் கட்டுரையின் முதல் பத்தி. பாறையின் தன்மையா, கிணற்றின் ஆழமா, எதனால் அந்த வேறுபாடு, அதைக் கண்டுபிடிக்க எந்த முறைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவற்றைச் சொல்லித் தருகிற பேராசிரியர் எந்தத் துறையில் இருக்கிறார் என்று கட்டுரை தானாக நகரத் தொடங்கும். ஆலோசகர் ஒரு வரியும் எழுதித் தரவில்லை, எழுதித் தரவும் கூடாது. அவளிடம் ஏற்கெனவே இருந்த ஆராய்ச்சிக் கேள்வியை அவள் கண்ணுக்குக் காட்டினார். அந்த உரையாடலுக்குப் பிறகு அவளுக்கு இடம் கிடைக்காமல் போனாலும், தான் எதைத் தேடிப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பரிந்துரைக் கடிதமும் இப்படித்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்கும். நம் கல்லூரிகளில், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று ஆசிரியர் சொல்வது பழக்கமாகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அறுபது பேர் வகுப்பு, விடைத்தாள் திருத்தம், நிர்வாக வேலை எல்லாம் அவர் தலையில்; அப்படி ஒரு கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. மூன்று பேர் பெயரில் ஒரே மாணவன் நடையில் மூன்று கடிதம் போனால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். இந்த மாணவன் ஆய்வகத்தில் என்ன செய்தான், தவறான முடிவு வந்தபோது எப்படி நடந்துகொண்டான் என்பதைப் பார்த்தவர் ஆசிரியர் ஒருவர்தான். மாணவன் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்து, முன்கூட்டியே ஆசிரியரிடம் கொடுத்து, அவர் சொந்தச் சொல்லில் எழுத வைப்பது ஆலோசகரின் வேலை.

சரி, இதற்குத்தான் ஊருக்கு ஊர் கன்சல்டன்சிகள் இருக்கின்றனவே, இலவசமாகவே செய்கிறார்களே என்பார்கள். அவர்களில் நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் மாணவரிடம் பணம் வாங்காதவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், சேருகிற தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிறது. அமெரிக்கச் சட்டம் தன் நாட்டு மாணவர்களைச் சேர்த்துவிடுகிறவருக்கு அப்படிக் கமிஷன் தருவதைத் தடை செய்கிறது. வெளிநாட்டிலுள்ள வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. கமிஷன் தருகிற பல்கலைக்கழகம்தான் அவர்கள் பட்டியலில் முன்னால் வரும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதையும், அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம், எம்.எஸ். படிப்புக்குத்தான் பெரும்பாலும் கைக்காசு என்பதையும் அழுத்திச் சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்? வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்த வேறுபாட்டைச் சொல்ல, கமிஷன் வாங்காத ஒருவர் வேண்டும்.

பிளேஸ்மென்ட் அதிகாரி இருக்கிறாரே என்ற வாதமும் உண்டு. அவர் வேலை வேறு. கம்பெனிகளைக் கல்லூரிக்கு அழைத்துவர வேண்டும், எத்தனை பேருக்கு ஆஃபர் வாங்கித் தந்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.கூட வேலைக்குப் போனவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் சேர்த்தே எண்ணுகிறது. கல்லூரிகள் முதல் பாதிக்கு மட்டும் ஆள் வைத்திருக்கின்றன.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. கஷ்டப்பட்ட குடும்பம், பிள்ளை எப்போது சம்பாதிக்கும் என்று காத்திருக்கிறது, அங்கே போய் இன்னும் ஐந்து வருடம் படி என்று சொல்வது சரியா? இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் ஆலோசகர் சில நேரம், இப்போது வேலைக்குப் போ என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எதுவும் தோன்றாததால் எம்.எஸ்சி.யில் சேர்ந்து வைப்போம் என்று நினைக்கிற பிள்ளையிடம், வேண்டாம் என்று சொல்கிற துணிச்சலும் அவருக்கு இருக்க வேண்டும். அதே சமயம் குடும்பம் முடிவெடுக்கும் முன்பு கணக்கு முழுமையாக மேஜையில் இருக்க வேண்டாமா? கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேருகிறவருக்கு மாதம் 12,400 ரூபாய். நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், அந்தத் தேர்வை எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். இளநிலை ஆராய்ச்சியாளருக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஆகவே இரண்டு மூன்று வருடம் சம்பாதித்து, தங்கையின் படிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கும் வழி இருக்கிறது. படிப்பா, சம்பளமா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று அந்த வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பல பிள்ளைகளுக்கு அது உண்மை இல்லை.

நேரம் முடிகிறது. கல்லூரி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு சம்பளம், ஓர் அறை, இரண்டாம் ஆண்டிலிருந்தே மாணவர்கள் அங்கே வந்து உட்கார நேர அட்டவணையில் ஓர் இடம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இருந்தால், அடுத்த முறை கல்லூரிக்குப் போகும்போது துறைத் தலைவரைப் பார்த்து, மேற்படிப்புக்கு இங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள். பத்துப் பெற்றோர் கேட்டால் அது கல்லூரிக் கூட்டத்தில் பேச்சாகும். மாணவர்களே, கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள் என்றால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ஜாம் விண்ணப்பம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்.