இளைஞர் கையிற் கதைநூல்

(புதுக்கடையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இனிமையானதன்று. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதைப் பற்றிய கதைகள், அப்பிள்ளைகளுக்கென்றே எழுதப்பெற்று வெளிவருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றை வாசிக்கின்றனர், படமாகவும் பார்க்கின்றனர். இவை ஆகுமா, ஆகாவா என்று பெரியோர் கேட்கின்றனர். விழாக் காலத்தில் இது வேண்டாத பேச்சு என்று சிலர் கருதலாம். பேசாமல் விட்டது போதும் என்பதே எமது எண்ணம்.

நாம் கூடியிருக்கும் இப்புதுக்கடை நீதிமன்றங்களாற் பெயர்பெற்றது. உயிர்மாய்க்க முயன்று பிழைத்த ஒருவரை, ஆற்றித் தேற்றுவதற்குப் பதிலாகக் குற்றவாளியாக நிறுத்தும் பிரிவு ஒன்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் நெடுங்காலம் இருந்தது. 1998ஆம் ஆண்டிலேயே அது நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, ஆனால் வீடுகளில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. “குடும்பத்துக்கு மானக்கேடு, வெளியே வாய் திறவாதே” என்ற தீர்ப்பு இன்றும் வழங்கப்படுகின்றது. தாயிடமும் தந்தையிடமும் ஆசிரியரிடமும் சொல்ல இடமில்லாத பிள்ளை எங்கே போகும்? கதையிடம் போகும். ஆகவே அக்கதை என்ன சொல்கின்றது என்பது நம் கவலையாகின்றது.

கதையைக் குற்றஞ்சாட்டுவது புதிதன்று. 1774ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கவிஞர் கோதே, காதல் கைகூடாமல் உயிர்விடும் வேர்தர் என்ற இளைஞனின் கதையை எழுதினார். இளைஞர் பலர் அவனைப் போலவே உடுத்தத் தொடங்கினர். சிலர் அவன் முடிவையும் பின்பற்றினர் என்ற அச்சம் பரவவே, 1775இல் லைப்சிக் நகரம் அந்நூலைத் தடைசெய்தது. இருநூறு ஆண்டு கழித்து, 1974இல், டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இத்தகைய மரணச் செய்திகள் பத்திரிகைகளிற் பெரிதாக வெளிவந்தபின் அவ்வகை மரணங்கள் கூடுவதைக் கணக்கிட்டுக் காட்டி, அதற்கு ‘வேர்தர் விளைவு’ என்று பெயரிட்டார்.

நம் காலத்தில் இவ்விவாதத்தை மீண்டும் மூட்டியது ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்னும் நாவல். ஜே ஆஷர் என்ற அமெரிக்கர் அதனை 2007இல் வெளியிட்டார். ஹன்னா என்ற மாணவி இறந்துவிடுகிறாள். அவள் ஒலிநாடாக்களிற் பதிந்துவைத்த குரல், தன்னை நோகச் செய்தவர்களை ஒவ்வொருவராகச் சுட்டுகின்றது. 2017 மார்ச் 31ஆம் திகதி இது நெட்பிளிக்ஸ் தொடராக வெளிவந்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், விலக்கும்படி அவ்வாண்டு மிகுதியாக முறையிடப்பட்ட நூலும் அதுவே. தொடர் வெளிவந்த மறுமாதத்தில் அந்நாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ளோரின் இத்தகைய மரணங்கள் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தன என்று 2019இல் ஓர் ஆய்வு கூறியது. காரணம் தொடர்தான் என்று அதனால் நிறுவ இயலவில்லை. அதே கணக்கை மறுபடி ஆராய்ந்த வேறொருவர் மாறுபட்ட முடிவுக்கு வந்தார். எனினும் 2019 யூலையில் மரணக் காட்சியை அந்நிறுவனமே நீக்கிற்று.

அந்நாவலைக் கொளுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஏளனமும் அவதூறும் ஒரு பிள்ளையை எவ்வளவு நொறுக்கும் என்பதை அது உள்ளபடி காட்டுகின்றது. ஆனால் அதன் அமைப்பில் ஒரு பெரும் பொய் உண்டு. இறந்தவள் பேசுகிறாள்; எல்லோரும் கேட்கின்றனர்; வருந்துகின்றனர். உயிரோடிருந்தபோது கிடைக்காத செவிகள் இறந்தபின் கிடைக்கின்றன. இளைஞர்களே, இதனைக் கவனியுங்கள். மரணம் மறுமொழியன்று. மறுமொழி சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளையே மரணம் கொண்டுபோய்விடுகின்றது. பின்னர் எழும் அழுகையை அவர் கேட்பதில்லை.

அப்படியாயின் கதைகள் இதனைத் தொடவே கூடாதா? தொடலாம், தொடவும் வேண்டும். மோட்சார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகத்தில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன், அன்புக்குரியவளை இழந்தேன் என்று கலங்கி உயிர்விடத் துணிகிறான். மூன்று சிறுவர் வந்து தடுத்து, அவன் மறந்திருந்த வேறு வழியை நினைவூட்டுகின்றனர்; அவன் வாழ்கிறான். துயரில் வீழ்ந்து மீண்டவர்களின் கதை, கேட்பவரைக் காக்கவும் கூடும் என்று 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டு, அதனைப் ‘பாப்பகேனோ விளைவு’ என்றனர்.

இதற்கு நாம் வியன்னா வரை போக வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் திருவாமூர்த் திலகவதியாரை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வயதை அணுகும் பருவத்தில் கலிப்பகையாருக்கு அவரை மணம் பேசினர். தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் உயிர்நீத்தார், போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்தில் மாண்டார் என்ற செய்தி வந்தது. அச்சிறுமி தானும் உயிர்விடத் துணிந்தார். அப்போது தம்பி மருணீக்கியார் அடியில் வீழ்ந்து அழுதார். தாயும் தந்தையும் போனபின் உம்மையன்றோ நம்பியிருக்கிறேன் என்றார். தம்பிக்காக அவர் உயிர் தாங்கினார்.

அத்தம்பியே பின்னாளில் திருநாவுக்கரசர். அவர் சூலை நோயால் துடித்தபோது தேடி வந்ததும் இந்தத் தமக்கையிடமே. அன்று ஒரு நாழிகை வேறாகக் கழிந்திருந்தால், வாசலில் வந்து நின்ற தம்பிக்குக் கதவு திறக்க எவரும் இருந்திருக்கமாட்டார். சேக்கிழார் அச்சிறுமியின் துணிவை மறைக்கவுமில்லை, அவரைப் பழிக்கவுமில்லை. தாயார் கணவரைத் தொடர்ந்ததை அக்காலம் கற்பென்று போற்றிற்று. அதை நாம் இன்று பின்பற்ற வேண்டியதில்லை. மகள் வாழ்ந்ததையே நாம் பின்பற்ற வேண்டும்.

ஆகவே ஒரு நூலைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். மரணத்தை அது பழிவாங்கலாகவோ புகழாகவோ காட்டுகின்றதா? ஒரே காரணத்தால் நேர்ந்தது என்று எளிதாக்குகின்றதா? அல்லது, உதவி கேட்கும் வழியையும் உதவிக்கு வரும் மனிதரையும் காட்டுகின்றதா? மூன்றாவது இருந்தால் அந்நூல் துயரமானதாயினும் நல்ல நூலே.

அந்த நாழிகை கடந்துபோகக் கூடியது என்பதற்கு நம் நாடே சான்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இவ்வாறு மாண்டனர். அது உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. கமத்தொழிலிற் பயன்பட்ட கடும் நச்சு மருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. அந்தப் பொழுதில் தப்பிய பலர் வேறு வழி தேடிப் போகவில்லை, வாழ்ந்தனர். சாக வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு உறுதியாகத் தோன்றினும் நிலையானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பறிக்காதீர்கள்; நீங்களும் வாசியுங்கள். அத்தொடரைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ இருந்தே பார்க்க வேண்டும் என்று நியூசிலாந்து விதித்தது. தடையைவிடத் துணை நன்று என்பதன் பொருள் அதுவே. “உனக்கும் அப்படித் தோன்றியதுண்டா?” என்று கேட்க அஞ்சாதீர்கள். கேட்பதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. கேட்காததால் அது தனியே வளர்கின்றது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில், பெறுபேற்றைக் கேட்குமுன் பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறோம். அடுத்த அறையின் மௌனம் மட்டும் நமக்குக் கேட்பதில்லை.

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று. நண்பன் ஒருவன் “இனி வாழ்வதில் என்ன இருக்கிறது” என்று சொன்னால், அதைப் பகிடி என்று தள்ளாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாலும், நம்பத்தக்க பெரியவரிடம் சொல்லுங்கள். சத்தியத்தைவிட நண்பன் பெரியவன். உங்களுக்கே அவ்வெண்ணம் வந்தால், அதனைத் தனியே சுமக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குகின்றது. 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோவில், குறை சொல்லாமற் கேட்கும் தொண்டர்கள் இருக்கின்றனர்.

கதையில் வரும் பிள்ளையின் முடிவை ஆசிரியர் எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டார். நாம் மாற்ற முடியாது. நம் வீட்டுப் பிள்ளையின் கதை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அதிலே தக்க வேளையில் வந்து பேசும் மருணீக்கியாராக நம்மில் ஒவ்வொருவரும் இருக்கலாம். அதற்குப் புலமை வேண்டியதில்லை; அருகில் இருந்தாற் போதும் என்று கூறி அமைகின்றோம்.