வண்டி ஏன் நின்றது?

(பறை, கானா, சுயாதீன இசைக்குழு இளைஞர்களுக்கான இசைப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளம், பாட்டு, ஒலிப்பதிவு என்று நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். வெளியூர் புரோகிராமுக்குப் போகிற வண்டி.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வண்டிக்கதை இருக்கும். நடுராத்திரியில் டயர் வெடித்துப் பார்த்தால் ஜாக்கி இருக்காது. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும், நாம் தப்பான ஊரில் போய் இறங்கியிருப்போம். மழையில் நனைந்த பறையைக் காய்ச்ச ஒரு பிடி வைக்கோல் தேடி ஊரையே சுற்றுவோம். மேடையேறிய பிறகுதான் கீபோர்டு அடாப்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது தெரியும். திரும்பி வரும்போது டீக்கடையில் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். புதிதாகக் குழுவில் சேர்ந்த தம்பிக்கு அதுதான் முதல் பாடம்.

ஆனால் அந்தக் கதைகளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். டயர் வெடிப்பது யாருக்கும் நடக்கும். திருவிழாவுக்கு அடிக்கப் போன குழுவின் வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, "கொட்டுக்காரங்க இங்கயே இறங்கி நடந்து வாங்க" என்று சொல்வது எல்லோருக்கும் நடக்காது. அதே திருவிழாவுக்கு வருகிற மெல்லிசைக் குழுவின் வேன் நேராக மேடைக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டுமே சாலையில் நடக்கிறது என்பதால் இரண்டையும் நாம் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். "அன்னிக்கு நம்ம நேரம் சரியில்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதைப் பேசுவதற்கு ஒரு வெளிநாட்டுக் கதையை எடுத்துக்கொள்கிறேன். லூயி ஆம்ஸ்ட்ராங். அவருடைய ட்ரம்பெட்டைக் கேட்காதவர்கள் இன்று ராத்திரி போனில் தேடிக் கேளுங்கள்.

1931ஆம் ஆண்டு. ஆம்ஸ்ட்ராங்குக்கு வயது 30. சிகாகோவில் ரவுடிக் கும்பல்கள் அவரை எந்த கிளப்பில் வாசிக்க வேண்டும், எங்கே வாசிக்கக் கூடாது என்று துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய நேரம். அங்கிருந்து கிளம்பிக் குழுவோடு தென்மாநிலங்கள் பக்கம் போகிறார். முதலில் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸ். 1922இல் அந்த ஊரை விட்டுப் போனவர், ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம், பேண்டு வாத்தியம், ஊர்வலம். நம் சேரியிலிருந்து ஒரு பையன் போய்ப் பெரிய ஆளாகித் திரும்பி வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

வாசிக்கப் போன இடம் வெள்ளையர்கள் மட்டும் உட்காரக்கூடிய விடுதி. அவரை வரவேற்ற சனம் உள்ளே வர முடியாது. பக்கத்தில் ஆற்றங்கரை மேட்டில் கூட்டம் கூட்டமாக நின்று, ஜன்னல் வழியாக வருகிற சத்தத்தைக் கேட்டார்கள். முதல் நாள் நிகழ்ச்சி வானொலியில் நேரடியாகப் போகிறது. அறிவிப்பாளர் ஒரு வெள்ளைக்காரர். கறுப்பர்களைத் திட்டுகிற அந்த இழிசொல்லைச் சொல்லி, இவனை ரேடியோவில் அறிமுகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை என்று மைக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆம்ஸ்ட்ராங் குழுவை ஒரு சுரம் பிடிக்கச் சொன்னார், தானே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், வாசித்தார். அந்தக் கோடை முழுக்க அங்கே அவர்தான் வாசித்தார். கிளம்புவதற்கு முன் தன் மக்களுக்கென்று இலவசமாக ஒரு நிகழ்ச்சி நடத்த ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து வாசலில் நின்ற பிறகு அது ரத்து செய்யப்பட்டது. சொந்த ஊரில், சொந்த சனத்துக்கு வாசிக்காமலே வண்டி ஏறினார்.

அந்த வண்டிதான் இப்போது வருகிறது. அக்டோபர் மாதம். குழு ஒரு பேருந்தை மொத்தமாக வாடகைக்குப் பேசி, பணமும் கட்டியிருக்கிறது. நல்ல பேருந்து, சாய்ந்து படுக்கிற இருக்கைகள். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம் வந்ததும் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேச்சு வருகிறது. இந்தப் பேருந்து உங்களுக்கு இல்லை, அந்தச் சின்னப் பேருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. பணம் கட்டியது இந்த வண்டிக்கு, இறங்க மாட்டோம் என்றார்கள் குழுவினர். போலீஸ் வந்தது. போலீஸின் கண்ணில் முதலில் பட்டது, குழுவின் மேலாளருடைய மனைவி. வெள்ளைக்காரப் பெண். ஆம்ஸ்ட்ராங்கின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி வரவுசெலவைக் கவனித்துக்கொண்டிருந்தவர், வேலையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான். மொத்தக் குழுவையும் அள்ளிக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தார்கள்.

கறுப்பு ஆணின் பக்கத்து இருக்கையில் வெள்ளைப் பெண். இது ஏன் அங்கே ஒரு ஊரையே பதற வைக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதியும் நிறமும் ஒன்றா வேறா என்பது நீண்ட விவாதம், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். காவல் காக்கப்படுவது பெண்ணின் பக்கத்து இருக்கை என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை.

பிறகு விட்டார்கள். நிகழ்ச்சி நடந்தாக வேண்டுமே! டிக்கெட் விற்றாயிற்று, வானொலிக்கு நேரம் ஒதுக்கியாயிற்று. ராத்திரி சிறையில் கிடந்த கைகள் மறுபடி வாத்தியத்தைத் தூக்க வேண்டும். அந்த ஊரிலேயே நடந்த ஒலிபரப்பில் ஆம்ஸ்ட்ராங், அடுத்த பாட்டை மெம்ஃபிஸ் காவல்துறைக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று மரியாதையாக அறிவித்தார். அவர் வாசித்தது, 'அயோக்கியப் பயலே, நீ செத்துத் தொலைந்தால் எனக்கு நிம்மதி' என்கிற அர்த்தத்தில் போகிற ஒரு கேலிப்பாட்டு. குழுவில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நிகழ்ச்சி முடிந்ததும் போலீஸ்காரர்கள் வந்து, எங்களுக்கு இதுவரை யாரும் பாட்டு சமர்ப்பித்ததில்லை என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம். இது குழுவினர் பின்னாளில் சொன்ன கதை. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம், வண்டிக்கதைக்கு அந்த உரிமை உண்டு.

சிரித்தீர்கள் இல்லையா, எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தக் கதை எப்போதும் பாட்டோடு முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் குறும்பு நினைவில் நிற்கிறது. சின்னப் பேருந்துக்கு மாறச் சொன்னவர் யார், பெரிய பேருந்துக்குக் கட்டிய பணம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கலைஞன் எதையும் தாங்கிக்கொள்வான், அவமானத்தைக்கூடப் பாட்டாக்கிவிடுவான் என்று புகழ்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அப்படிப் புகழ்ந்துவிட்டால் அவமானப்படுத்தியவரைப் பற்றிப் பேச வேண்டிய வேலை மிச்சம்.

இந்த இடத்தில் பாபாசாகேப்பின் பயணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்குத் தெரியும். 1929. தீண்டாதாரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் உறுப்பினர். வேலை முடிந்து திரும்புகிறபோது சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். ஊர் மகர் மக்கள் வரவேற்க வந்திருக்கிறார்கள், ஆனால் ஒரு மணி நேரம் நிலையத்திலேயே காக்க வைக்கிறார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு ஒரு குதிரை வண்டி வருகிறது. கொஞ்ச தூரம் போனதுமே ஒரு காரில் மோதப் பார்க்கிறது. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, அவர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது.

கேட்பவர்களுக்கு இது விபத்து. விசாரித்த பிறகுதான் தெரிகிறது. தீண்டாதாரை ஏற்றி வண்டி ஓட்டுவது எங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று வண்டிக்காரர்கள் மறுத்திருக்கிறார்கள். விருந்தாளியை நடக்க விடுவது தங்களுக்கு அவமானம் என்று மகர் மக்கள் நினைத்திருக்கிறார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, அதுவரை குதிரை வண்டியே ஓட்டியிராத தங்கள் ஆள் ஒருவரை ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த பாரிஸ்டரின் கால், வண்டிக்காரர்களின் கௌரவத்தால் முறிந்தது. சக்கரம் கல்லில் சிக்கியது என்று நிறுத்திவிட்டால் அது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை.

அமெரிக்காவுக்குத் திரும்பப் போவோம். சாலை இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்த பிறகு இசைக்குழுக்கள் என்ன செய்தன? காசு இருந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். டியூக் எலிங்டன் குழு 1930களில் தென்மாநிலங்களுக்குப் போகும்போது தனியாக ரயில் பெட்டிகளையே வாடகைக்கு எடுத்தது. தூங்குவது, சாப்பிடுவது எல்லாம் பெட்டிக்குள். எந்த ஓட்டலின் படியிலும் ஏற வேண்டாம். கம்பீரமான ஏற்பாடுதான். ஆனால் ரயில் பெட்டி எடுக்க எத்தனை குழுவால் முடியும்?

முடியாதவர்களில் ஒரு குழுவை நம் குழுக்களில் இருக்கிற பெண் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் தொடங்கிய பெண்கள் குழு. முழுக்கப் பெண்கள், பதினாறு பதினேழு பேர், அசத்தலான வாசிப்பு. தங்க இடம் கிடைக்காது என்பதால் பேருந்திலேயே தூங்கினார்கள், பேருந்திலேயே சாப்பிட்டார்கள். 1940களில் ராஸ் க்ரான் என்கிற வெள்ளைக்காரப் பெண் சாக்ஸபோன் வாசிக்க அதில் சேர்ந்தார். கறுப்பினப் பெண்களோடு வெள்ளைப் பெண் சேர்ந்து வாசிப்பது தெற்கில் குற்றம். அதனால் அவர் முகத்துக்குக் கறுப்புப் பூச்சுப் பூசிக்கொண்டு மேடை ஏறினார். ஊருக்கு ஊர் போலீஸ் வந்து இவள் யார் என்று பார்க்கும். டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பிடித்து லாக்கப்பிலும் வைத்தார்கள். நம் ஊரில் வெயிலுக்கு முகம் கறுத்துவிடும் என்று கிரீம் விற்கிறார்கள், அங்கே ஒரு பெண் தோழிகளோடு ஒரே வண்டியில் போவதற்காகக் கறுப்பைப் பூசிக்கொண்டாள்.

பிறகு ஒப்பந்தம். நார்மன் கிரான்ஸ் என்கிற நிகழ்ச்சி அமைப்பாளர் வெள்ளைக்காரர். தன் ஜாஸ் குழுக்களை அனுப்பும்போது அரங்கில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்பதை எழுத்திலேயே போட்டார். 1955இல் ஹூஸ்டன் நகர அரங்கில் அந்தப் பலகைகளைக் கழற்றிப் போட்டார். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் ஒப்பனை அறைக்குள் புகுந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, டிஸ்ஸி கில்லெஸ்பி, அந்த ஊரிலேயே வளர்ந்த இல்லினாய் ஜாக்கே எல்லோரையும் சூதாட்டம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனது. ஸ்டேஷனில் எல்லாவிடம் ஆட்டோகிராஃப் கேட்டார்களாம்! பிணையில் வந்து அன்றைக்கே இரண்டாவது காட்சியையும் முடித்துக் கொடுத்தார்கள். பலகை கழற்றியதற்கு எந்த வழக்கும் கிடையாது, சூதாட்ட வழக்குத்தான். நம் ஊரில் பறையடிப்புக்கு அனுமதி மறுக்கும்போது எந்தக் காகிதத்திலாவது சாதி என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சட்டம் ஒழுங்கு என்றுதான் இருக்கும்.

ஆம்ஸ்ட்ராங்கையும் பாதியில் விட்டுவிடக் கூடாது. வெள்ளையரைச் சிரிக்க வைக்கிறவர் என்று அவர்மேல் இளைய கறுப்பினக் கலைஞர்களுக்கே கோபம் இருந்தது. 1956இல் லூசியானா மாநிலம் இரு நிறத்தாரும் ஒரே மேடையில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. அவருடைய குழுவில் வெள்ளையர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டம் இருக்கும்வரை நியூ ஆர்லியன்ஸில் வாசிக்க மாட்டேன் என்றார். 1965 வரை வாசிக்கவில்லை. உலகம் முழுக்கச் சுற்றிய வண்டி, ஒன்பது வருடம் சொந்த ஊர் மேடைக்கு மட்டும் போகவில்லை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் ரயில் பெட்டி இல்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்கும்போது ஒரு தாள் எழுத முடியும். வண்டி மேடை வரை வர வேண்டும். சாப்பாடு எல்லோரும் சாப்பிடுகிற பந்தியில், இல்லையென்றால் யாருக்குமே பந்தி வேண்டாம், மரத்தடிப் பொட்டலம் வாங்க மாட்டோம். பெண்கள் வருகிறார்கள், கழிப்பறை எங்கே என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கூலிக்குப் பதில் பாட்டில் கொடுக்கிற பேச்சே கூடாது. மீதிப் பணம் மேடை ஏறும் முன் கைக்கு வர வேண்டும். "இதையெல்லாம் எழுதிக் கேட்டா வேற செட்டக் கூப்பிட்டுக்குவாங்கண்ணே" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு தம்பி சொன்னான். சரியான பயம்தான். அந்த வேறு செட்டும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறது? அவர்களும் அதே தாளை நீட்டினால்?

ஒரு அறிவிப்போடு முடித்துக்கொள்கிறேன். 1936இல் விக்டர் கிரீன் என்கிற ஹார்லெம் தபால்காரர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவார்கள் என்கிற பட்டியல். முதலில் நியூயார்க் பக்கம் மட்டும்தான் இருந்தது. படித்தவர்கள் தங்கள் ஊர் விவரத்தை எழுதி அனுப்ப அனுப்ப நாடு முழுக்க விரிந்தது, 1960கள் வரை வந்தது. இசைக்குழுக்காரர்கள் பையில் அது இருந்தது.

பின்வரிசை மேசையில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறோம். போய் வந்த ஊர், வண்டி எதுவரை போனது, தண்ணீர் எந்த டம்ளரில் கொடுத்தார்கள், பேசிய காசு வந்ததா, ராத்திரி நம்பித் தங்கக்கூடிய தோழர்கள் யார், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நல்லது நடந்த ஊரையும் எழுதுங்கள். குழுவுக்கு ஒருவராவது வீட்டுக்குக் கிளம்பும் முன் எழுதிவிட்டுப் போங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள்.