நிழல் விழத்தான் செய்கிறது

(பட்டிமன்றத் தலைப்பு: 'இன்றைய பொது வாழ்வை வழிநடத்த வேண்டியது வரலாற்றுப் பெருமையா? வரலாற்றுச் சான்றா?' 'வரலாற்றுச் சான்றே' என்ற அணியில் ஆற்றிய உரை)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கிறீங்களே, உங்க அப்பா யாருன்னு உங்க அம்மா சொல்லித்தானே தெரியும்? அதுக்கு ஆதாரம் கேட்டீங்களா?" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். ஏன்னா, முப்பது வருஷமா எல்லாப் பட்டிமன்றத்திலும் இந்தக் கேள்விக்குக் கைதட்டு விழுந்துகிட்டுத்தான் இருக்கு. மரபை மீறக்கூடாது பாருங்க!

நடுவர் அவர்களே, வீட்டுக்குள்ளே அம்மா சொன்னால் போதும். அது அன்பு. ஆனா அதே தம்பி தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கப் போனப்ப என்ன கேட்டாங்க? பிறப்புச் சான்றிதழ் கேட்டாங்க. "எங்க அம்மா சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லிச் சேர்த்துட்டு வந்தாரா? வீட்டுக்கு நம்பிக்கை போதும். வாசல்படி தாண்டிப் பொது இடத்துக்கு வந்துட்டா சான்று வேணும். இன்றைய தலைப்பு 'வீட்டு வாழ்வு' இல்லை. 'பொது வாழ்வு'!

இன்னொன்று பாருங்க. நம் தாய்மார்கள் காய்கறி வாங்கப் போறாங்க. வெண்டைக்காயை அப்படியே அள்ளியா போடறாங்க? ஒவ்வொன்றா எடுத்து நுனியை ஒடிச்சுப் பார்க்கிறாங்க. கடைக்காரர் "அம்மா, எல்லாம் பிஞ்சு, நம்புங்கம்மா"ங்கிறார். நம்புறாங்களா? ஒடிஞ்சாத்தான் பிஞ்சு! ஒரு மனை வாங்கறோம். பத்திரம் எங்கே, தாய்ப் பத்திரம் எங்கே, பட்டா யார் பேர்லே இருக்கு, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தியான்னு வக்கீல் வீட்டுக்கு நடையா நடக்கிறோம். அரைக் கிரவுண்டு நிலத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிற நாம, ரெண்டாயிரம் வருஷ வரலாற்றை ஒருத்தர் மேடையிலே நின்னு சொன்னா, ஒரு கேள்வி கேட்காம வாங்கிப் பையிலே போட்டுக்கிறோமே, இது நியாயமா?

நான் மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. முதல் குற்றவாளி நான்தான். அதை இந்த மேடையிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளாக நான் மேடைதோறும் ஒரு செய்தி சொல்லி வந்தேன். "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையிலே விழாது! அது தமிழனின் அறிவு!" என்று குரலை உயர்த்துவேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல் வரும். ஒரு பள்ளி ஆண்டு விழாவிலும் அப்படித்தான் பேசினேன். பேசி முடித்து இறங்கியதும் ஒரு சிறுமி வந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள். மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "ஐயா, போன மாசம் எங்க அப்பா கூடப் பெரிய கோயிலுக்குப் போனேன். சாயங்காலம் நிழல் விழுந்துதுங்களே? நாங்க அந்த நிழல்லே உட்கார்ந்துதான் புளிச்சோறு சாப்பிட்டோம்."

எனக்கு வியர்த்துவிட்டது. "அது வேற நிழலா இருக்கும்மா" என்று சொல்லி நழுவப் பார்த்தேன். அவள் விடவில்லை. அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அப்படின்னா, அதை ராஜராஜன் கட்டினார்னு சொன்னீங்களே, அதுவாச்சும் உண்மைங்களா ஐயா?"

நடுவர் அவர்களே! தமிழிலே முனைவர் பட்டம் வாங்கிய நான், ஒரு ஏழாம் வகுப்புக் குழந்தை முன்னால் தலை குனிந்து நின்றேன். ஒரு பொய்யைச் சேர்த்தேன். அது பக்கத்திலே இருந்த உண்மையையும் சந்தேகப்பட வைத்துவிட்டது. கள்ள நோட்டு ஒன்று கலந்திருந்தால், கட்டிலே இருக்கிற நல்ல நோட்டையும் வெளிச்சத்திலே தூக்கிப் பார்ப்பார்களா, மாட்டார்களா? பொய்ப் பெருமை செய்கிற கெடுதல் அதுதான்.

அடுத்த வாரமே தஞ்சாவூருக்குப் போனேன். மாலை நாலு மணிக்குப் பிராகாரத்திலே நின்னேன். இருநூறு அடிக்கு மேல் உயரமான விமானம். நீளமாக, அழகாக, குளிர்ச்சியாக நிழல் விழுந்து கிடந்தது. நானும் அந்த நிழலிலேயே போய் உட்கார்ந்தேன். புளிச்சோறுதான் இல்லை!

உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சுவர் முழுக்க எழுத்து. அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில் இந்தச் சுவரிலே அல்லவா இருக்கிறது!

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதையே நடுவிலே நாம் மறந்து போனோம். தல புராணம் கரிகாலச் சோழன் கட்டியதாகச் சொன்னது. கோயில் அங்கேயே இருக்கு. கும்பிடுகிற கூட்டமும் இருக்கு. பெருமைக்கும் குறைச்சல் இல்லை. கட்டியவன் பேர்தான் இல்லை! 1886ஆம் ஆண்டு அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ் என்கிற ஜெர்மானிய அறிஞர் அந்த எழுத்துகளைப் படியெடுத்துப் படித்தார். 1891 முதல் அவை புத்தகமாக அச்சேறின. அப்புறம்தான் ராஜராஜன் பெயர் சந்தேகமில்லாமல் நிலைத்தது. பெருமை பேசியவர்கள் ராஜராஜனை மறந்தார்கள். சான்றைப் படித்தவர்தான் அவனை மீட்டுக் கொடுத்தார்!

அந்தச் சுவரிலே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இருபத்தைந்தாம் ஆட்சி ஆண்டின் 275ஆம் நாள், அதாவது 1010ஆம் ஆண்டிலே, விமானத்தின் உச்சியில் வைக்க அவன் செப்புக் குடம் கொடுத்தான். எத்தனை பலம் செம்பு, மேலே போர்த்திய பொன் எத்தனை கழஞ்சு, எல்லாம் எழுதியிருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த நகைகளிலே இருக்கிற அரக்கைக்கூட விடாமல் கணக்குச் சொல்கிறது கல்வெட்டு. கட்டிய பெருந்தச்சன் பேர் இருக்கிறது. முடி திருத்துகிற நாவிதருக்கு 'ராஜராஜப் பெருநாவிசன்' என்று பட்டம் கொடுத்த செய்தி இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துக் குடியமர்த்திய நானூறு ஆடல் மகளிரின் பேர், அவரவர் ஊர், எந்தத் தெருவிலே எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது.

நடுவர் அவர்களே, நன்றாகக் கவனியுங்கள். பெருமை பேசினால் ஒரு ராஜாவின் பேர் மட்டும்தான் மிஞ்சும். சான்றைப் படித்தால் நாவிதர் பேரும் மிஞ்சும், நானூறு பெண்களின் பேரும் மிஞ்சும். எளியவர்களுக்கு வரலாற்றிலே இடம் கொடுப்பது பெருமையா, சான்றா?

எதிரணித் தலைவர் அம்மையார் உணர்ச்சியோடு ஒன்று கேட்டார்கள். "பழம்பெருமை பேசித்தானே சுதந்திரப் போராட்டத்திலே மக்களைத் தட்டி எழுப்பினார்கள்?" என்று. உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்த மக்கள் கையிலே என்ன ஆயுதம் இருந்தது? 1901ஆம் ஆண்டு தாதாபாய் நௌரோஜி ஒரு புத்தகம் வெளியிட்டார். வெள்ளைக்கார அரசாங்கத்தின் கணக்குகளையே எடுத்து வைத்துக்கொண்டு, இந்தியாவின் செல்வம் எப்படிக் கப்பலேறிப் போகிறது என்று காட்டினார். அவன் கணக்கு, அவன் புள்ளிவிவரம், அவன் மேலேயே குற்றச்சாட்டு! பெருமை தூக்கத்தைக் கலைக்கலாம் அம்மா. வழக்கை ஜெயிக்கணும்னா ஆதாரம்தான் வேணும்.

வழக்கு என்றதும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? பாண்டியன் நெடுஞ்செழியன் என்ன தப்புச் செய்தான்? பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. கோவலன் தலை போயிற்று. கண்ணகி வந்தாள். அவள் தன் குலப்பெருமையைச் சொல்லி நிறுத்திக்கொண்டாளா? "என் சிலம்பிலே இருப்பது மாணிக்கம்" என்றாள். "எங்கள் சிலம்பிலே இருப்பது முத்து" என்றான் அரசன். சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. வழக்கு முடிந்தது!

அந்த இடத்திலே பாண்டியன் நினைத்திருந்தால், "நான் இத்தனை தலைமுறை கண்ட வம்சம், என்னையா கேள்வி கேட்கிறாய்?" என்று சொல்லியிருக்கலாம். வாயில் காவலர்கள் நூறு பேர் இருப்பார்கள். அவன் சொல்லவில்லை. கண் முன்னால் சான்று வந்ததும், குற்றம் என்னுடையது என்று ஒத்துக்கொண்டு உயிரையே விட்டான். வம்சப் பெருமை அவனைக் காப்பாற்றவில்லை. சான்றை ஒத்துக்கொண்டதுதான் அவன் பெருமையைக் காப்பாற்றியது!

சரி, அந்தச் சிலப்பதிகாரம் நம் கைக்கு எப்படி வந்தது? 1880ஆம் ஆண்டு கும்பகோணத்திலே சேலம் இராமசாமி முதலியார் என்கிற முன்சீப், உ.வே. சாமிநாதையரைப் பார்த்து, "சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் ஐயர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். 1887லே சிந்தாமணி, 1892லே சிலப்பதிகாரம், 1894லே புறநானூறு என்று அச்சிலே கொண்டுவந்தார். புறநானூற்றிலே 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. சில பாட்டுகளிலே நடுநடுவே ஏடு சிதைந்து வரி போயிருக்கிறது. பதிற்றுப்பத்திலே முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை.

ஐயர் பெரும்புலவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். இரண்டு வரி எழுதி இட்டு நிரப்பியிருக்க முடியாதா? நிரப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் செய்யவில்லை. இல்லாத இடத்தை இல்லாத இடமாகவே விட்டார். புள்ளி வைத்தார். நடுவர் அவர்களே, அந்தப் புள்ளிகள்தான் தமிழ்ப் புலமையின் உச்சி! அந்தப் புள்ளியை நம்புவதால்தான், மற்ற வரிகளையெல்லாம் நாம் நம்புகிறோம். "இது எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தெரிந்தவன்தான், "இது எனக்குத் தெரியும்" என்று சொல்லும்போது நம்பத் தகுந்தவன்.

இன்றைக்குப் பொது வாழ்விலே அந்தப் புள்ளியை வைக்க யாராவது தயாராக இருக்கிறோமா? காலையிலே எழுந்ததும் கைபேசி. நம் தேசிய கீதம்தான் உலகத்திலேயே சிறந்ததுன்னு யுனெஸ்கோ அறிவிச்சிட்டதுன்னு ஒரு செய்தி. எங்க வீட்டிலேயே மூணு பேர் எனக்கு அனுப்பினாங்க. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கலே. ஆனா அதே யுனெஸ்கோ 1987லே தஞ்சைப் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமா ஏத்துக்கிட்டது. அது உண்மை. அதை ஒருத்தரும் எனக்கு அனுப்பலே! உண்மையான பெருமை மடியிலே கிடக்க, இல்லாத பெருமையைக் கடன் வாங்கி அலையறோமே, நம்மை என்ன சொல்ல?

கடைசியாக ஒன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலம், 921ஆம் ஆண்டு. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதிலே ஒரு விதி இருக்கிறது. வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது! இப்போது கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் சான்று என்றால் முழுவதும் படிக்க வேண்டும். அதே கல்வெட்டிலே, சொந்தமாக நிலமும் மனையும் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. உழைத்த எல்லோருக்கும் அந்தக் குடத்திலே ஓலை இல்லை. பெருமை அந்தப் பாதியை மறைக்கும். சான்று இரண்டு பாதியையும் காட்டும். பெருமைப்பட வேண்டியதை எடுத்துக்கொள், திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள் என்று சொல்லும். பொது வாழ்வுக்கு எது வழிகாட்டி?

அந்தச் சிறுமிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அடுத்த ஆண்டும் அதே பள்ளியிலே அழைத்தார்கள். மேடையிலே முதல் வார்த்தையாக, "பிள்ளைகளே, நிழல் விழத்தான் செய்கிறது. போன வருஷம் நான் சொன்னது தப்பு. ராஜராஜன் கட்டியது உண்மை. சுவரிலே எழுதியிருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றேன். கூரை அதிரக் கைதட்டல் வரவில்லை. ஆனால் முன் வரிசையிலே அந்தக் குழந்தை சிரித்தாள். என் முனைவர் பட்டத்தை அன்றைக்குத்தான் நான் உண்மையாக வாங்கினேன் நடுவர் அவர்களே!

நிழல் விழாத கோயில் கட்டுகதையிலேதான் இருக்கும். நிழல் விழுகிற கோயில்தான் ஆயிரம் வருஷமாக நிற்கும்; வெயிலிலே வருகிறவனுக்கு உட்கார இடமும் கொடுக்கும். எனவே, இன்றைய பொது வாழ்வை வழிநடத்த வேண்டியது வரலாற்றுச் சான்றே, சான்றே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.