ஹெபடைடிஸ் பி: ஒருவருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கு ஈரல் போகிறது, ஏன்?

(ஹட்டனில் தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் பேசியது)



இரத்ததானம் செய்த பிறகுதான் நம் பிள்ளைகளில் சிலருக்கு விஷயம் தெரிய வருகிறது. நம் நாட்டில் தானமாகக் கிடைக்கும் இரத்தம் முழுவதும் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பரிசோதிக்கப்படுகிறது. வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுக்கும்போதும் பிடிபடும். அத்தோடு பயணம் நின்றுவிடும். ஒரு நோவும் இல்லாதவருக்கு இப்படி ஒரு கடதாசி வந்தால் லயத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"அவருக்கும் இதே கிருமிதான், முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டினார், ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு மட்டும் ஏன் ஈரல் சுருங்கியது?" என்று கேட்கிறார்கள். சாராயத்தைச் சொல்வோம். அதுவும் உண்மைதான். ஆனால் கிருமியிலேயே வித்தியாசம் இருக்கிறது.

விதைத் தேயிலையும் தேயிலைதான், வீ.பி. தேயிலையும் தேயிலைதான். ஒன்று வரட்சியைத் தாங்கும், ஒன்று கொப்புள நோய்க்குச் சீக்கிரம் விழும். இந்த வைரஸிலும் ஏ, பி, சி, டி என்று வகைகள் உண்டு. இந்தியாவில் அதிகம் ஏ-யும் டி-யும். சீனா, ஜப்பான் பக்கம் பி-யும் சி-யும். பி வகையைவிட சி வகை ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் கூடுதலாகக் கொண்டுபோகும். இன்டர்ஃபெரான் ஊசி ஏ வகைக்குக் கேட்கிற அளவு டி வகைக்குக் கேட்காது. டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளுக்கு இந்தப் பேதமில்லை.

டி வகையில் ஒரு கள்ளத்தனம் அடிக்கடி நடக்கிறது. வைரஸின் மரபணுவில் 1896ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறிவிடும். மாறினால் 'ஈ ஆன்டிஜன்' இரத்தத்தில் தெரியாது. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றிருக்கும். சுகமாகிவிட்டது என்று ஆள் கிளினிக்கை விட்டுவிடுவார்; வைரஸ் உள்ளே ஈரலை அரித்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே 'எஸ் ஆன்டிஜன்' பாசிட்டிவ் என்றிருக்கும் வரை, டாக்டர் சொன்ன தவணைக்குப் போய் ஈரல் பரிசோதனையும் வைரஸ் அளவும் பார்க்கத்தான் வேண்டும்.

கீழாநெல்லி பற்றிக் கேட்டீர்கள். சும்மா தள்ளிவிடக்கூடிய விஷயமில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்து தியாகராஜன், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து லான்செட் இதழில் எழுதினார்: முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்தவர்களில் 59 வீதமானோருக்கு எஸ் ஆன்டிஜன் மறைந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டி அரைத்துக் கொடுத்ததைக் குடித்துக் கண் மஞ்சள் தெளிந்தால், நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

தடுப்பூசி எல்லா வகைக்கும் ஒன்றுதான். 2003இலிருந்து குழந்தைகளுக்கு அரசாங்கம் போடுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டதில்லை. பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் பிள்ளைகளில் 90 வீதத்தினருக்கு அது நிரந்தரமாகத் தங்கும். பெரியவர்களுக்கு 5 வீதத்துக்கும் குறைவு. அதனால் கர்ப்பிணித் தாய் பாசிட்டிவ் என்றால் முதலிலேயே மிட்வைஃபிடம் சொல்லட்டும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் தொற்றாது. சவர பிளேட்டைப் பகிர்ந்தால் தொற்றும்.

கிளினிக் போனால் பேர் வெட்டுகிறார்கள், அதனால்தான் பலர் இடையில் விடுகிறார்கள். கிளினிக் அட்டையைக் காட்டினால் முழுப் பேர் போட வேண்டும் என்று கேட்கப் போகிறோம். தலைவர்மாரே, யார் யாருக்குப் பேர் வெட்டினார்கள் என்று திகதியை மட்டும் எழுதித் தாருங்கள். என்ன நோய் என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.