ஏலக்காட்டு நிழலுக்கு ஒரு கேமரா



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சிலமலையிலும் போடியிலும் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிமார், தோட்டத்துக் காயைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் வியாபாரிக்கு அனுப்பும் விவசாயிகள், நம் மலையைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படமாவது எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் கேமரா வாங்கப் போகும்போது ஒரே கேள்விதான். போட்டோவும் எடுக்க வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். இரண்டு கேமரா வாங்கக் கையில் பணம் இல்லை. எதை வாங்குவது?

கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். முந்தல் தாண்டி, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் எது உதவும், எது உதவாது என்று தெரியும். அந்தத் தோட்டத்து நிழலை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன்.

போட்டோ கேமராவில் வீடியோ எடுப்பது நமக்கு ரொம்பப் பழக்கமாகிவிட்டது. ஆனால் அதற்கு வயது அதிகமில்லை. 2008-ல் கேனான் நிறுவனத்தின் 5டி மார்க் 2 வந்தபோதுதான், பெரிய சென்சார் கொண்ட ஸ்டில் கேமராவில் முழு எச்டி வீடியோ சாத்தியமானது. அதே ஆண்டில்தான் பானசோனிக் ஜி1 என்ற முதல் மைக்ரோ போர்தேர்ட்ஸ் மிரர்லெஸ் கேமராவும் வந்தது. தமிழ் சினிமாவும் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 2012-ல் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுத்தார். கல்யாண வீட்டில் நாம் பார்க்கும் அளவுள்ள கேமராவில் ஒரு முழுப்படம் வந்து, அது தேசிய விருதும் பெற்றது. சின்ன ஊர்களில் கேமரா தூக்கிய பிள்ளைகளுக்கு அது கொடுத்த துணிச்சல் பெரிது.

5டி, 7டி போன்ற அந்தக் காலத்து டிஎஸ்எல்ஆரில் ஒரு தொல்லை உண்டு. வீடியோ எடுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கியதும் கண்வைத்துப் பார்க்கும் துளை இருண்டுவிடும். வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியாது. போகஸைக் கையால்தான் தேட வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சென்சார் பார்ப்பதைக் கண்ணருகே உள்ள சின்ன மின்திரை காட்டுகிறது. போட்டோவுக்கும் அதே காட்சி, வீடியோவுக்கும் அதே காட்சி. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பட்டனை அழுத்தும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே மலைவெயிலில் வேலை செய்கிறவர் கண்திரை இல்லாத கேமராவை வாங்க வேண்டாம் என்பது என் முதல் சொல். வ்லாக் எடுப்பதற்கென்று விற்கும் சில சின்ன கேமராக்களில் அது கிடையாது.

அடுத்து, எல்லோரும் தவறவிடும் விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவும் வீடியோவும் கேமராவிடம் எதிரெதிரானவற்றைக் கேட்கின்றன. காய் எடுக்கும் பெண்களின் விரல் வேகத்தைப் போட்டோவில் நிறுத்த வேண்டுமானால் ஷட்டர் 1/500 விநாடியாவது இருக்க வேண்டும். அதே விரலை வீடியோவில் காட்டும்போது 1/500 வைத்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். விநாடிக்கு 25 பிரேம் எடுக்கிறவர் 1/50-ல் நிற்பதுதான் வழக்கம். அசைவில் வரும் அந்த லேசான மங்கல்தான் வீடியோவைக் கண்ணுக்கு இதமாக்குகிறது. அதனால்தான், “வீடியோவே எடுத்துவிடலாம், அதிலிருந்து ஒரு பிரேமை வெட்டிப் போட்டோவாக்கிக்கொள்ளலாம்” என்ற யோசனை நடக்காது. 4கே வீடியோவின் ஒரு பிரேமில் இருப்பது 83 லட்சம் புள்ளிகள்தான். 24 மெகாபிக்சல் போட்டோவில் 2 கோடியே 40 லட்சம். எண்ணிக்கை கிடக்கட்டும், அந்த 1/50 மங்கலை எந்த மென்பொருளும் சரியாகத் துடைக்காது. ஆல்பத்தில் பெரிதாக அச்சடித்தால் தெரிந்துபோகும்.

வெயில் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. போடிமெட்டுச் சாலை வளைவில் நல்ல வெயிலில் நிற்கிறீர்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் அப்பர்ச்சரை எப்/22 வரை மூட வேண்டியிருக்கும். எப்/4-ல் எடுக்க ஆசைப்பட்டால் ஐந்து படி வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் கருங்கண்ணாடி, அதாவது என்டி பில்டர் போடாமல் அது முடியாது. வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் எடுத்தால் பல கேமராக்களில் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்காது. அப்போது எட்டு படி குறைக்க வேண்டும். ஒரு நல்ல என்டி பில்டரைச் சேர்க்காமல் கேமராவுக்குப் போடும் பட்ஜெட் வீடியோவுக்குப் போதாது.

இனி தோட்டத்துக்குள் போவோம். ஏலச்செடி நிழல் கேட்கும் செடி. உயர்ந்த மரங்களின் இலைகளுக்கு ஊடே வடிந்து வரும் வெளிச்சம் அளவில் குறைவு, நிறத்தில் பச்சை. காய்க்கும் சரம் தரைக்கு அருகே இருப்பதால் காய் எடுக்கிறவர்கள் குனிந்தும் உட்கார்ந்தும்தான் வேலை செய்வார்கள். அவர்கள் முகத்துக்கு வரும் வெளிச்சம் முழுவதும் இலையில் பட்டுத் திரும்பியது. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன் இங்கே தடுமாறும். ஆட்கள் முகம் பச்சை பாய்ந்து நோயாளி முகம்போல் வரும், அல்லது அதைச் சரிசெய்கிறேன் என்று கேமராவே இலைகளை ஊதா கலந்த சாம்பலாக்கிவிடும். போட்டோவை ரா கோப்பாக எடுத்திருந்தால் வீட்டுக்கு வந்து திருத்திக்கொள்ளலாம். வீடியோவில் அந்த வசதி மிகக் குறைவு, எடுத்த நிறம் எடுத்ததுதான். ஒரு சாம்பல் அட்டையையோ வெள்ளைத் தாளையோ முகத்தருகே பிடித்து, வெள்ளைச் சமனைக் கையால் பதிவு செய்துவிட்டுத்தான் வீடியோவைத் தொடங்க வேண்டும். அதை ஒரே பட்டனில் செய்ய முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மெனுவுக்குள் ஐந்து பக்கம் தேட வேண்டிய கேமராவில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

காய் வியாபாரத்துக்கு இது இன்னும் முக்கியம். ஏலக்காய்க்கு விலை அதன் பச்சையிலும் பருமனிலும் இருக்கிறது. எட்டு எம்எம் காய் ஒரு விலை, ஏழு எம்எம் காய் ஒரு விலை. ஸ்டோர் என்ற உலர்கூடத்தில் பக்குவமாகச் சூடு காட்டி உலர்த்திய காயின் பச்சை, படத்தில் மஞ்சள் தட்டினால் அந்த விவசாயியின் உழைப்பைக் குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும். பச்சையைக் கூட்டிக் காட்டினால் வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம். தோட்டத்தைப் படம்பிடிக்க வருகிற ஒவ்வொருவரும் நிறத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பனிமூட்டத்துக்கு வருவோம். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து மலையின் நீலத்துக்கும் மெல்ல மெல்ல மாறுவதுதான் பனியின் அழகு. 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1024. 8 பிட்டில் எடுத்த பனிமூட்டத்தைக் கணினியில் கொஞ்சம் இழுத்துத் திருத்தினாலும் பட்டை பட்டையாகப் பிளந்து தெரியும். சமவெளியில் பேட்டி எடுக்கிறவருக்கு 8 பிட் போதும். குரங்கணியிலும் டாப் ஸ்டேஷனிலும் எடுக்கிறவருக்குப் போதாது. 10 பிட் இல்லாத கேமராவை நம் மலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

2018-ல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்கும் ரங்கசாமி, கையகல நிலம் வாங்க ஆசைப்படும் கதை. மலையைச் சுற்றுலா விளம்பரம்போல் மினுக்காமல், சுமைகாரர் நடக்கும் வேகத்துக்கு நம்மையும் நடக்கவைக்கிற படம் அது. கேமரா வாங்கும் முன் என்ன எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்ய, எந்தத் தொழில்நுட்பப் பட்டியலையும்விட அந்தப் படம் உதவும்.

அப்படிக் கூடவே நடந்து எடுக்க, உடலுக்குள்ளேயே ஆட்டம் தாங்கும் அமைப்பு உள்ள கேமரா வேண்டும். எல்லா இடத்துக்கும் முக்காலி தூக்கிப் போக முடியாது. ஜீப்புக்குள்ளிருந்து எடுக்கும்போது மட்டும் அந்த அமைப்பை நம்ப வேண்டாம். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது நேராக நிற்கும் மரம் சாய்ந்து தெரியும்.

கோயில் விழா எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டியின் நெருப்பு ஒருபக்கம், சீரியல் செட் வெளிச்சம் மறுபக்கம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு நூறு முறை கூடிக் குறையும். கேமரா மெனுவில் என்டிஎஸ்சி என்று இருந்தால் பிஏஎல் என்று மாற்றி, 25 பிரேம், 1/50 ஷட்டர் வையுங்கள். மினுக்கல் பெரும்பாலும் நின்றுவிடும். செலவில்லாத இந்தத் திருத்தம் எத்தனையோ கல்யாண வீடியோக்களைக் காப்பாற்றியிருக்கும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். புல்பிரேம் சென்சாரின் பரப்பு 36-க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சுமார் 23.5-க்கு 15.6. புல்பிரேம் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு பெரிது, வெளிச்சமும் அந்த அளவு கூடக் கிடைக்கும். ஆனால் கேமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸ் நெருக்கிப் பிடிக்கும்போது எப்/5.6 ஆகிவிடும். அதற்குப் பதில் எப்/2.8 லென்ஸ் போட்டால் வெளிச்சம் நான்கு மடங்கு. தோட்ட நிழலில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்ததை 1600-ல் எடுக்கலாம். மலிவு லென்ஸோடு புல்பிரேம் வாங்குவதைவிட, நல்ல லென்ஸோடு ஏபிஎஸ்-சி வாங்குவது நம் மலைக்கு மேலானது என்று இந்தக் கணக்கே சொல்கிறது. தோளும் வலிக்காது. சிக்மாவின் 18-50 எப்/2.8 போன்ற சின்ன லென்ஸ் பாதி வேலையை முடித்துவிடும்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்று தெரியும். சோனி ஏ6700, கேனான் ஆர்7, பியூஜிபிலிம் எக்ஸ்-எஸ்20 மூன்றிலும் 10 பிட் வீடியோவும் ஆட்டம் தாங்கும் அமைப்பும் உண்டு. எக்ஸ்-எஸ்20 உடலில் சாரலைத் தடுக்கும் அடைப்பு இல்லை. ஆனி, ஆடிச் சாரலில் வேலை செய்கிறவருக்கு அது குறைதான். கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு ஆர்7-ஐ முதலில் சொல்வேன். அதில் இரண்டு கார்டு போடலாம், இரண்டிலும் பதியும்படி வைத்தால் ஒன்று பழுதானாலும் தாலி கட்டும் காட்சி மற்றதில் இருக்கும். நீண்ட நேரம் நிறுத்தாமல் பதிவு செய்கிறவர்கள் பானசோனிக் எஸ்5 2-ஐப் பார்க்கலாம். அது புல்பிரேம், உள்ளே விசிறி உண்டு, இரண்டு கார்டும் உண்டு, எடை கூடுதல்.

பழைய லென்ஸ்களை விற்றுவிடாதீர்கள். கேனான் இஎப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புதிய ஆர் கேமராக்களில் ஆட்டோபோகஸோடு வேலை செய்யும். நிகான்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். நிகானின் அடாப்டர் போட்டால் ஏஎப்-எஸ் லென்ஸ் இசட் கேமராவில் தானே போகஸ் ஆகும், பழைய ஏஎப்-டி லென்ஸ் ஆகாது. மெமரி கார்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேர வீடியோ 45 ஜிபி பிடிக்கும்.

வாங்கிய பிறகு கேமராவுக்கு எதிரி ஈரம். குளிர்ந்த மேட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் இறங்கிப் போடி வெக்கைக்கு வந்ததும் பையைத் திறந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பை மூடியபடியே அரைமணி இருக்கட்டும். தோட்டத்து வீட்டில் மர அலமாரியில் லென்ஸ் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். கடையின் இருட்டான மூலையில் ஒருவரை நிற்கவைத்து, அவரைப் போட்டோ எடுங்கள், உடனே வீடியோவுக்கு மாறுங்கள், மறுபடி போட்டோவுக்கு வாருங்கள். ஷட்டர், வெள்ளைச் சமன் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் பணத்தோடு போங்கள். இந்தியாவில் செல்லும் உத்தரவாத அட்டையும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.